உயிர் தப்பியவர் கணக்கு எங்கே?

வீதி விபத்தில் மாண்டவர்களை எண்ணுவதற்கு இந்நாட்டில் ஏற்பாடு உண்டு. பொலிஸ் திணைக்களம் எண்ணுகிறது, சுகாதார அமைச்சு எண்ணுகிறது, பத்திரிகைகளும் எண்ணுகின்றன. ஆண்டு முடிவில் இரண்டாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் இடைப்பட்டதாகவோ சிறிது கூடியதாகவோ ஒரு தொகை வெளியாகிறது. அதைக் கேட்டுப் பழகிய செவிகள், வெங்காய விலையைக் கேட்பதுபோலக் கேட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போகின்றன. ஆனால் 'உயிர் தப்பினார்' என்று எழுதப்பட்டு, தலையிற் கட்டோடு வீடு திரும்பி, வீட்டாருக்கே அந்நியராகிவிட்டவர்களை எண்ணுவார் யார்? அவர்களுள் எத்தனை பேர் மீண்டும் மண்வெட்டி பிடித்தனர்? எத்தனை பேர் மீண்டும் கந்தோர்க் கதிரையில் அமர்ந்தனர்? வைத்தியசாலை வாயிலைத் தாண்டிய பின் அவர்களைத் தொடர்ந்து சென்று எழுதும் கணக்கேடு இந்நாட்டிற் கிடையாது.

இதனை வெறும் புள்ளிவிபரக் குறையென்று தள்ளிவிட நாம் ஆயத்தமாக இல்லை. எண்ணப்படாதவனுக்கு வரவுசெலவுத் திட்டத்திற் பணம் ஒதுக்கப்படுவதில்லை. எண்ணப்படாதவனுக்காகக் கட்டில் போடப்படுவதில்லை, தாதி நியமிக்கப்படுவதில்லை, சட்டம் திருத்தப்படுவதில்லை. செத்தவனுக்கு மரண விசாரணையாவது உண்டு. மூளை சிதைந்து உயிரோடு இருப்பவனை விசாரிப்பாரே இல்லை.

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் விடியற்காலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் வண்டியொன்று கொத்மலை, கெரண்டி எல்லப் பகுதியிற் பள்ளத்துட் பாய்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு துயருற்றது, தலைவர்கள் அனுதாபம் தெரிவித்தனர், பஸ் வண்டிகளின் பிறேக்கைப் பற்றியும் சாரதிகளின் உறக்கத்தைப் பற்றியும் சில நாள் பேச்சு நடந்தது. காயமுற்றுத் தப்பியோர் தொகை மாண்டோர் தொகையினும் மிகப் பெரிது. அவர்களில் தலையிலே அடிபட்டவர் இன்று எந்நிலையில் உள்ளார் என்று கேட்பாரும் அரியர், கூறுவாரும் அரியர். உலக முழுமைக்கும் இதே கதைதான். ஆண்டொன்றுக்கு 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதியில் மடிகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. காயமுறுவோரைப் பற்றிக் கூறும்போது அதே நிறுவனம் 'இரண்டு கோடி முதல் ஐந்து கோடி வரை' என்கிறது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையில் மூன்று கோடி மனிதர் நிற்கின்றனர். மாண்டவரை ஆயிரக்கணக்கிற் பிசகாமல் எண்ணும் உலகம், காயமுற்றவரைக் கோடிக்கணக்கிற் குத்துமதிப்பாகச் சொல்லி அமைகிறது.

தலையடி என்பது யாது? மனித மூளை ஏறத்தாழ 1.4 கிலோ நிறையுடையது. கட்டித் தயிரினும் சற்றே இறுகியது. எலும்புப் பேழையுள் நீர்போன்ற ஒரு திரவத்திலே மிதந்துகொண்டிருப்பது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் மோட்டார் சைக்கிள் ஒரு மதகிலோ, நிறுத்திவைத்த லொறியின் பின்புறத்திலோ மோதும்போது வண்டி நின்றுவிடுகிறது, உடல் நிற்பதில்லை. உடல் நின்றபின்னும் ஓட்டுக்குள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்னெலும்பில் மோதி, மீண்டு வந்து பின்னெலும்பிலும் மோதுகிறது, திருகுகிறது, உள்ளே ஓடும் நூலினும் மெல்லிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. ஆகவே மண்டை உடையாமலே மூளை சிதையலாம். வெளியே ஒரு துளி இரத்தமும் சிந்தாமல் உள்ளே கேடு முற்றலாம். முழங்காலிற் பெருங்காயமும் நெற்றியிற் சிறு வீக்கமும் உடையவனைக் கண்டால் நம்மவர் முழங்காலுக்கே முதலில் மருந்து தேடுகின்றனர்.

வைத்தியர்கள் நன்கறிந்த, பொதுமக்கள் அறிந்தே ஆகவேண்டிய நிலை ஒன்றுண்டு. ஒருவர் வண்டியிலிருந்து வீழ்கிறார். சில கணம் நினைவிழக்கிறார். பின்னர் தாமே எழுந்து, சாரத்தைத் தட்டி உடுத்துக்கொண்டு, சைக்கிளை நிமிர்த்துகிறார். சுற்றி நின்றோர் சோடா உடைத்துக் கொடுக்கின்றனர். 'ஒன்றுமில்லை அண்ணை, கடவுள் காப்பாற்றிப்போட்டார்' என்கின்றனர். அவரும் வீடு வந்து, தலையிடிக்கிறதென்று பனடோல் இரண்டை விழுங்கிப் படுக்கிறார். நடுச்சாமத்திற் குறட்டை கேட்கிறது. அயர்ந்து உறங்குகிறார் என்று மனைவி எண்ணுகிறாள். அது உறக்கமன்று. காதுக்கு மேலே பொட்டெலும்பு மெல்லியது; அதன் உட்புறத்திலே ஒரு நாடி ஓடுகிறது. எலும்பு வெடிக்கும்போது அந்நாடி அறுந்து, எலும்புக்கும் மூளையின் மேற்சவ்வுக்கும் இடையே இரத்தம் தேங்கத் தொடங்குகிறது. தேங்கிய இரத்தம் மூளையை மணிக்கணக்காக நெருக்கி, ஈற்றில் மூச்சு எழும் இடத்தையே நசுக்குகிறது. விடியும்போது அவர் இறந்துகிடக்கிறார்.

இதிலே நெஞ்சைச் சுடுவது என்னவென்றால், தலையடிகள் அனைத்துள்ளும் முழுக்கக் குணமாகக்கூடியதும் இதுவே. நேரத்துக்குக் கொண்டுசென்று, எலும்பிலே வழி திறந்து, தேங்கிய இரத்தத்தை அகற்றிவிட்டால் பெரும்பாலோர் பழைய மனிதராகவே எழுந்து நடப்பர். மூளை தானாகச் சிதைந்த நிலை அன்று இது, நெருக்குண்ட நிலை. இடையிலே கிடைத்த சில மணித்தியாலங்களைச் சோடாவும் பனடோலும் விழுங்கிவிட்டன.

ஆகையால் தலையிலே அடிபட்ட எவரையும், அவர் எழுந்து நடந்தாலும், ஒரு நாள் முழுதும் கண்காணித்தல் வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தல், தலையிடி ஏறிக்கொண்டே போதல், எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், முன்னுக்குப் பின் முரணான பேச்சு, ஒரு கையோ காலோ சோர்தல், வலிப்பு, ஒரு கண்ணின் பாவை மற்றதினும் விரிதல், காதிலோ மூக்கிலோ இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த நிமிடமே வைத்தியசாலை செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

இன்னும் இரண்டு ஏமாற்றங்களைக் குறிப்பிடாமல் விடல் இயலாது. முதலாவது, சாராய மணம். மாலைவேளையில் வீதியோரம் கிடப்பவனிடம் மது வாடை வீசினால், 'வெறி, கிடந்து எழும்பட்டும்' என்று கடைத் திண்ணையிற் கிடத்திவிட்டுப் போகிறோம். குடித்தவனுக்கும் மண்டை உடையும் என்பதை ஊர் மறந்துவிடுகிறது. வெறியென்று விடப்பட்டு விடிவதற்குள் மாண்டவன் எத்தனையோ பேர். இரண்டாவது, முதுமை. சைக்கிளில் வந்த முதியவரை மோட்டார் சைக்கிள் ஒன்று தட்டிவிட்டுப் போகிறது. அன்று ஒன்றுமில்லை. மூன்று நான்கு கிழமை கழிந்தபின் அவர் நடை தளர்கிறது. பேரனின் பெயர் வாயில் வருவதில்லை. இருந்த இடத்திலேயே சிறுநீர் போகிறது. 'அப்பாவுக்கு அறளை பெயர்ந்துவிட்டது' என்று வீட்டார் மனந்தேறிவிடுகின்றனர். உண்மையில் அன்றைய அடியிற் கசிந்த இரத்தம் மூளையின் மேல் மெல்லமெல்லத் திரண்டு நெருக்குவதாக அது இருக்கலாம். சிறு துளை ஒன்று இட்டு அதை வடித்தால், அறளை என்று கைவிடப்பட்டவர் சில நாளிலே தம் காணி எல்லையைத் தாமே சொல்லக்கூடும்.

இனி, வீதியிலிருந்து வைத்தியசாலை வரையுள்ள தூரத்தைப் பார்ப்போம். அடிபட்ட மூளைக்கு இரண்டு பகைவர் உளர்: மூச்சுக் குறைவு ஒன்று, இரத்தப் பெருக்கால் வரும் அமுக்கக் குறைவு ஒன்று. முதலடியில் தப்பிய மூளையை இவ்விரண்டுமே பின்னர் கொல்லுகின்றன. நாம் செய்வதோ இவ்விரு பகைவருக்கும் துணைபோவதாகும். நினைவற்றவனை இருவர் தூக்கி, கழுத்து மடிய, முச்சக்கரவண்டியின் ஆசனத்திலே கூனவைத்து ஓடுகிறோம். வாயிலே தண்ணீர் ஊற்றுகிறோம். அது நெஞ்சுக்குள் இறங்குகிறது. அன்போடு செய்யும் கேடு இது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தாற் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய அரசின் நன்கொடையோடு 2016இல் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. 2018 ஜூலையில் வடக்கிற்கும் வந்தது. அதிலே பயிற்சி பெற்றோர் உளர், ஒட்சிசன் உண்டு, கழுத்தைத் தாங்கும் பட்டி உண்டு. அது வரும்வரை செய்யவேண்டியது சிறிதே. தலையையும் கழுத்தையும் ஒரே நேரில் வைத்து அசையாது பிடித்தல், வாந்தி எடுத்தால் தலை, கழுத்து, உடல் மூன்றையும் ஒன்றாக ஒருபுறம் சரித்தல், இரத்தம் பெருகும் இடத்தைத் துணியால் அமுக்குதல், வாயில் எதுவும் ஊற்றாதிருத்தல். இவற்றை ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் ஒரு பிற்பகலிலே கற்பித்துவிடலாம்.

ஆயினும் அம்புலன்ஸ் எங்கே போய்ச் சேருவது? முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை நூறு கிலோமீற்றருக்கு மேல். நெடுந்தீவில் அடிபட்டவன் முதலிற் கடலைக் கடக்க வேண்டும், பின்னரே வீதி. மலையகத் தோட்டமொன்றில் லயத்திலிருந்து பெருவீதிக்கு வருவதே ஒரு பயணம். நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நாடு முழுவதற்கும் மிகச் சிலரே. அவர்களும் பெரிய வைத்தியசாலைகளிலேயே உளர். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் பல துறை நிபுணர்கள் கப்பலேறிவிட்டனர் (இன்று விமானமேறினர் எனல் பொருந்தும்). மூளையுள்ளே இரத்தம் தேங்கியிருப்பதை எலும்பைத் திறக்காமலே காட்டும் சி.ரி. ஸ்கான் யந்திரத்தை இங்கிலாந்திலே ஹவுன்ஸ்பீல்ட் என்பவர் ஆக்கி, முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தது 1971இல். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. மாவட்டப் பொது வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் அந்த யந்திரம் இராப்பகலாக இயங்குதல் வேண்டும் என்று கேட்பது பேராசையா? யந்திரம் பழுதாய்க் கிடப்பதும், யந்திரம் இருந்தும் இரவில் அதை இயக்குவார் இல்லாதிருப்பதும், யந்திரமே இல்லாதிருப்பதும் அடிபட்டவனுக்கு ஒன்றே.

தலையடியின் கடுமையை அளக்க கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் டீஸ்டேல், ஜெனற் இருவரும் 1974இல் ஓர் அளவுகோல் வகுத்தனர். கண் திறத்தல், வாய் பேசுதல், கைகால் அசைத்தல் என்ற மூன்றையும் பார்த்துப் புள்ளி இடுவர். நலமுள்ளவருக்கு 15, மிகக் கீழ்நிலையிலுள்ளவருக்கு 3, எட்டும் அதற்குக் குறைந்ததும் கடும் நிலை. ஒரு விளக்கும் கடதாசியும் இருந்தாற் போதும். எந்தக் கிராமிய வைத்தியசாலைத் தாதியும் செய்யலாம். மணிக்கொருமுறை எழுதிய புள்ளி இறங்கத் தொடங்கினால் நோயாளி இறங்குகிறார் என்பது தெரியும். அளந்து எழுதுவதன் பயன் இது. இன்னொன்றும் கூறுவோம். தலையடி பட்டவருக்கு ஸ்டீரொயிட் மருந்து ஏற்றுவது உலகெங்கும் பல்லாண்டு வழக்கமாக இருந்தது. நன்மை தரும் என்றே பெரிய வைத்தியர்கள் நம்பினர். பல நாடுகளில் பத்தாயிரம் நோயாளிகளை எண்ணிப் பார்த்த ஆய்வு 2004இல் வெளிவந்தபோது, அம்மருந்து சாவைக் கூட்டுகிறது என்பது தெரியவந்தது. எண்ணாதிருந்த காலமெல்லாம் நல்லெண்ணத்தாலேயே எத்தனை பேர் இறந்தனரோ! அதே வழியிற் பன்னீராயிரம் பேருக்கு மேல் எண்ணிப் பார்த்த மற்றோர் ஆய்வு, டிரனெக்சாமிக் அமிலம் என்ற மலிவான மருந்தை மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்றினால், மிகக் கடுமையல்லாத தலையடிகளிற் சாவு குறைகிறது என்று 2019இற் காட்டியது. மூன்று மணித்தியாலம் என்பதைக் கவனிக்க. முல்லைத்தீவுக் கரையோரக் கிராமத்தானுக்கும் கொழும்பு நகரத்தானுக்கும் கடிகாரம் ஒரே வேகத்திலேயே ஓடுகிறது.

உயிர் தப்பியாயிற்று. கட்டு அவிழ்த்தாயிற்று. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இங்கேதான் நாம் எடுத்துக்கொண்ட பொருள் தொடங்குகிறது.

கை முறிந்தவன் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருவான், ஊர் இரங்கும். மூளை முறிந்தவனுக்கு வெளியே ஒன்றும் தெரிவதில்லை. நெற்றிக்குப் பின்னேயுள்ள பகுதியிற் கேடுற்றால் மனிதனின் பொறுமை, நாணம், நாளையை எண்ணும் அறிவு ஆகியவை தளர்கின்றன. வாய் பேசாத சாதுவாயிருந்தவன் பெற்ற தாயைத் தூஷணத்தால் ஏசுகிறான். கணக்கிலே புலியாயிருந்த ஆசிரியர் கரும்பலகைக்கு முன் நின்று, எழுத வந்தது என்னவென்று தேடுகிறார். கணக்காளர் ஒருவர் காலையிலே நன்றாயிருந்து, மதியத்துக்குள் மூளை களைத்துப் படுத்துவிடுகிறார். மேலதிகாரி சோம்பல் என்று எழுதுகிறார். கமக்காரன் நீர் இறைக்கும் யந்திரத்தை இயக்கிவிட்டு மறந்து வீட்டுக்குப் போகிறான்; பயிர் அழுகுகிறது. மணமும் சுவையும் அற்றுப்போவோர் பலர்; அவர் வீட்டில் எரிவாயு கசிந்தாலும் அறியார். அடிபட்டு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து வலிப்பு வருவதுண்டு. தோட்டக் கிணற்றுக்கட்டிலே நின்று நீர் அள்ளுபவனுக்கும், தென்னையில் ஏறுபவனுக்கும் வலிப்பு என்றால் அதன் பொருள் யாதென்று விளக்க வேண்டியதில்லை. அவர் மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தலாகாது. கிணற்றடிக்குத் தனியே போகலாகாது. மோட்டார் சைக்கிளைத் தொடலாகாது. இவற்றை அவருக்கும் வீட்டாருக்கும் இருத்திவைத்துச் சொல்வார் யார்?

சொல்வார் இல்லாதபடியால் ஊர் தன் விளக்கத்தைத் தானே தேடுகிறது. அவனுக்குச் செருக்கு என்கிறது; குணம் கெட்டுவிட்டது என்கிறது; செய்வினை என்கிறது; நூல் கட்டவும் மை பார்க்கவும் அழைத்துச் செல்கிறது. சுமையெல்லாம் வந்து வீழ்வது பெண்ணின் தலையில். கணவன் உயிரோடு இருக்கிறான். ஆகவே அவள் விதவையல்லள், விதவைக்குரிய உதவி எதுவும் அவளுக்கு இல்லை. அவன் உழைப்பதில்லை, ஆகவே அவளுக்கு வருவாயும் இல்லை. அடியையும் ஏச்சையும் பொறுத்துக்கொண்டு, 'முந்தி இவர் இப்படி இல்லை' என்று வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது வைத்திய உண்மை. கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வைத்தியர் வேண்டும்.

பேச்சுப் பயிற்சியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர், உளவள வைத்தியர், இயன் மருத்துவர் ஆகியோர் கூடி உழைத்தால் இத்தகையோரிற் பெரும்பங்கினரைப் பயன்படு வாழ்வுக்கு மீட்கலாம். ஒரு மூளைப்பகுதி இழந்த வேலையை மற்றொரு பகுதி கற்றுக்கொள்ளும். ஆனால் கற்பிப்பார் வேண்டும், முதலிரு ஆண்டுகளிலேயே வேண்டும். ராகமையில் ஒரு புனர்வாழ்வு வைத்தியசாலை உண்டு. மாங்குளத்தில் நெதர்லாந்து நாட்டு உதவியோடு புனர்வாழ்வு மருத்துவப் பிரிவு எழுப்பப்பட்டு 2024இல் திறந்துவைக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் கல்லும் சீமெந்தும் நோயாளிக்குப் பேசக் கற்பிக்கா. அங்கே ஆளணி எத்தனை, தலையடி பட்டோர் எத்தனை பேர் அனுப்பப்பட்டனர், எத்தனை பேர் தொழிலுக்கு மீண்டனர் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடும்படி மாகாணச் சுகாதாரத் திணைக்களத்தைக் கேட்கிறோம்.

பணத்துக்கு எங்கே போவது என்பர். வழி இருக்கிறது. நம் நாட்டில் இன்று நட்டஈடு பெறுவதற்கு, மோதியவன் பிழை செய்தான் என்று நீதிமன்றத்தில் நாட்டவேண்டும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி, இத்தகைய வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுத்தல் வேண்டும். சித்தசுவாதீனம் அற்றவருக்குச் சட்டத்தில் விலக்கு உண்டாயினும், நினைவு மங்கியும் மங்காமலும் நடமாடும் ஒருவரை அவ்வகையிற் சேர்ப்பது எளிதன்று. மூளைக்கேடோ இரண்டாம் ஆண்டிலும் முழுதாய்த் தெரிவதில்லை. ஆகவே அப்புக்காத்துமாரும் சட்டத்தரணிகளும் தம்மிடம் வரும் வழக்காளரின் எலும்பு முறிவை மட்டும் பார்த்துக் குறைந்த தொகைக்கு இணங்கிவிடாது, குணமாற்றம் உண்டா என்று வீட்டாரை விசாரித்தறிதல் கடமை. பொலிஸ் நிலையத்திலே எழுதப்படும் வாக்குமூலம் தமக்கு விளங்கும் மொழியில் வாசிக்கப்பட்டதா என்பதையும் பார்த்தே கையொப்பம் இடுக.

நியூசீலந்து இச்சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தது. நீதிபதி வூட்ஹவுஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு 1967இல் அறிக்கை அளித்தது. 1974இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. யார் பிழை என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. விபத்தில் ஊனமுற்றவர் எவராயினும் சிகிச்சையும், இழந்த வருவாயின் பெரும்பகுதியும் பெறுகிறார். பதிலாக, வழக்காடும் உரிமையை மக்கள் விட்டுக்கொடுத்தனர். வீதி விபத்துக்கான நிதி வாகன உரிமக் கட்டணத்தோடும் பெற்றோலோடும் சேர்த்து அறவிடப்படுகிறது. செல்வநாட்டுத் திட்டத்தை அப்படியே பெயர்த்து நடச் சொல்லவில்லை. ஆனால் இந்நாட்டிலே வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் மாகாண சபைகளுக்கு உரியது. அதனோடு சிறியதொரு தொகையைச் சேர்த்து, தலையடி பட்டோர் புனர்வாழ்வுக்கென்றே தனி நிதி ஒன்று ஆக்கலாம். ஆக்குவதற்கு மக்கள் தெரிந்தெடுத்த சபை வேண்டும். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல சென்றும் தேர்தல் வரவில்லை. அதிகாரப் பகிர்வைப் பற்றிய வாதம் கொழும்பு மண்டபங்களில் நடப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். அது வீதியோரத்தில் மண்டை உடைந்து கிடப்பவனையும் தொடும் வாதம்.

நோய்க்கு மருந்து சொல்லிவிட்டு நோய் வராத வழியைச் சொல்லாதிருப்பது முறையன்று. இந்நாட்டிற் பதிவான வாகனங்களிற் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்கள். அரேபியாவின் லாரன்ஸ் என்று புகழ்பெற்ற ஆங்கிலேயர் 1935 மே மாதத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்து வீழ்ந்து, தலையடியால் ஆறு நாளில் இறந்தார். அவரைப் பார்த்த வைத்தியருள் ஒருவர் ஹியூ கெயார்ன்ஸ் என்ற நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணர். அச்சாவை மறக்கமுடியாத அவர், இராணுவத் தபால் கொண்டோடிகளின் தலைக்காயங்களை எண்ணி ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941இல் எழுதினார். இராணுவம் உடனே ஏற்றது. பொதுமக்களுக்கு அதைக் கட்டாயமாக்கும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது 1973இல்! உண்மைக்கும் சட்டத்துக்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டு. நமக்கோ சட்டம் முன்னரே இருக்கிறது. மூளை மட்டும் பொலிசாரைக் கண்டபோது நினைவுக்கு வருகிறது. நல்ல கவசத்தை ஒழுங்காக அணிந்தால் தலைக்காயம் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைகிறது என்பது பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்துக் கண்ட முடிவு. நாடாவைப் பூட்டாத கவசம் தலைக்கு முன்னே பறந்துவிடும். கைப்பிடியிலே தொங்கும் கவசம் கைப்பிடியைக் காக்கும். கவசத்தின் உள்ளேயிருக்கும் தடித்த நுரைப்படையே அடியை வாங்கி நசிவது. ஒருமுறை கடும் அடி வாங்கியதை மீண்டும் அணிவதிற் பயனில்லை. சந்தையில் மலிவாய் விற்கும் வெறும் பிளாஸ்ரிக் கிண்ணம் அபராதத்திலிருந்து காக்கும், மதகிலிருந்து காவாது. தந்தை கவசத்தோடும், தாய் கவசத்தோடும், நடுவிலே பள்ளிப் பிள்ளை வெறுந்தலையோடும் செல்லும் காட்சியை நாள்தோறும் காண்கிறோம். பிள்ளையின் மண்டையோடு பெரியவர் ஓட்டினும் மெல்லியது.

அரசாங்கத்தின் போக்கும் விளங்கவில்லை. கொள்ளையரை இனங்காண வேண்டுமென்று, முகம் முழுவதையும் மூடும் கவசத்தை 2015இற் பொலிசார் தடைசெய்ய முனைந்தனர். நீதிமன்றம் குறுக்கிட வேண்டியதாயிற்று. தாடையையும் முகத்தையும் சேர்த்துக் காப்பது அதுவேயாம். மோட்டார் காரின் முன்னாசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிவது 2011 முதற் கட்டாயம். பின்னாசனத்தில் இருப்பவன் மூளை வேறு பொருளாலானது என்று எண்ணிக் கார் வைத்திருக்கும் கனவான்கள் பலர் பயணம் செய்கின்றனர்.

ஈற்றிலே நம் கமக்காரப் பெருமக்களோடு ஒரு வார்த்தை. 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் விளக்கைப் பற்றிச் சொல்வது பஸ்ஸுக்கும் லொறிக்கும் மட்டுமல்ல. சூரியன் மறைந்தபின் வைக்கோலோ விறகோ ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டி, பின்னே ஒரு சிவப்பு வெளிச்சமும் இன்றிக் கண்டி வீதியில் ஊர்கிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் அதைக் காணும்போது பத்து யார் தூரமும் இருப்பதில்லை. சில ரூபாய்க்கு விற்கும் சிவப்பு ஒளித்தாள் இரண்டு துண்டை ஒட்டினால் ஒரு குடும்பம் தப்பும். கட்டாக்காலி மாடுகள் இரவிலே தாரின் சூட்டுக்காக வீதியில் வந்து படுப்பதை அறியாதவர் வன்னியில் இல்லை. மாட்டுக்கு உரிமை கோருவோர் விபத்து நடந்த மறுநாள்தான் மறைந்துவிடுகின்றனர்.

நெல் காயவிடுவதும் அவ்வாறே. அரசாங்கம் வேண்டிய அளவு காயவிடும் தளம் கட்டித் தரவில்லை என்பது உண்மை; ஈர நெல்லை ஆலைக்காரன் அடிவிலைக்குக் கேட்கிறான் என்பதும் உண்மை. ஆயினும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் பாதிப் பாதையை நெல்லாலும், அதன் விளிம்பைக் கருங்கல்லாலும் மறித்துவிட்டு, அந்தி சாய்ந்தபின் நெல்லை அள்ளிக்கொண்டு கல்லை மட்டும் விட்டுப்போவது எந்தக் கமத்தொழில்? காலபோக அறுவடைக்குமுன் ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் பாடசாலை மைதானம், சந்தை முற்றம், சங்கக் கட்டிட வாசல் என்று காயவிடத்தக்க இடங்களைக் கமக்காரர் அமைப்புகளோடு கூடிக் குறித்தறிவித்தல் வேண்டும். கமநல சேவை நிலையங்கள் படங்குகளை வாடகைக்குக் கொடுத்தல் வேண்டும். வீதியிற் கிடக்கும் கல்லை, அதை இட்டவரே அன்று மாலை எடுத்தல் வேண்டும்.